கிளட்சை விடுவதா, இன்ஜினை விடுவதா?

கையில் ஒரு மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார். கண் விழுந்திருப்பதோ ஒரு டர்போ ஆட்டோமேட்டிக் மேல். மாற்றலாமா, வேண்டாமா? கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதைக் கேட்டால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "கிளட்ச் இல்லாததெல்லாம் ஒரு காரா?" என்பார் ஒருவர். "கண் இமைக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டர் கியர் மாத்துது, நீ இன்னும் குச்சியைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருக்க" என்பார் இன்னொருவர். டீ ஆறும் வரை சண்டை நடக்கும். முடிவு மட்டும் வராது.

வராததற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பேரத்தில் இரண்டு மாற்றங்கள் ஒரே பில்லில் வருகின்றன. கியர்பாக்ஸ் மாறுகிறது. கூடவே இன்ஜினின் குணமும் மாறுகிறது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைக் கண்டுகொள்வோர் குறைவு. மாற்றிவிட்டு வருத்தப்படுகிறவர்களிடம் கொஞ்சம் கிளறிக் கேட்டுப் பாருங்கள். "கிளட்ச் போச்சே" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு போகப் போக, மிதித்தவுடன் கிடைத்த பதில், ஆர்பிஎம் முள் மேலே ஏற ஏறக் கூடிய சத்தம் என்றுதான் வந்து நிற்கும். அதெல்லாம் இன்ஜின் சமாச்சாரம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க போர்ஷே கேமனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நடுவில் இன்ஜின் வைத்த இரண்டு சீட்டர் ஜெர்மன் கார். 2016 வரை விற்ற 981 தலைமுறையின் கேமன் எஸ் மாடலில் 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத இன்ஜின், 325 பிஎஸ். 2016-ல் அதற்கு 718 என்று பெயர் சூட்டி, ஐரோப்பாவின் கார்பன் உமிழ்வு விதிகள் இறுகிய நேரத்தில், 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜினைப் பொருத்தினார்கள், 350 பிஎஸ். இரண்டிலும் 6 ஸ்பீடு மேனுவல் உண்டு. பிடிகே என்ற 7 ஸ்பீடு டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. ஆக, கிட்டத்தட்ட ஒரே உடம்பில் நான்கு சேர்க்கைகள்.

பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட நிறுவனம் சொல்லும் நேரம் இது: பழைய இன்ஜின், மேனுவல் என்றால் 5.0 விநாடி, அதே இன்ஜினில் பிடிகே 4.9. டர்போ இன்ஜின், மேனுவல் 4.6, பிடிகே 4.4. கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால் கிடைப்பது 0.1 அல்லது 0.2 விநாடி. இன்ஜினை மாற்றினால் 0.4, 0.5. "ஆட்டோமேட்டிக் எடுத்தேன், கார் பறக்குது" என்று சொல்பவர் பெரும்பாலும் டர்போ கொடுத்த வேகத்தைத்தான் ஆட்டோமேட்டிக்கின் கணக்கில் வரவு வைக்கிறார். (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாயவைக்கும் லான்ச் கன்ட்ரோல் சேர்ந்தால் ஆட்டோமேட்டிக்கின் பங்கு கூடும். ஆனால் சிக்னலில் லான்ச் கன்ட்ரோல் போடும் ஆசாமியா நீங்கள்?)

இன்னும் சுவாரசியமானது 2020-ல் நடந்தது. நான்கு சிலிண்டரின் கரகரத்த சத்தத்தைக் கேட்டு ரசிகர்கள் முகம் சுளித்துக்கொண்டே இருக்க, போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. டர்போ கிடையாது. 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 400 பிஎஸ். முதலில் மேனுவலில் மட்டும் வந்தது, பிடிகே பிறகுதான். இதன் அதிகபட்ச டார்க் 420 நியூட்டன் மீட்டர். டர்போ கேமன் எஸ் காரின் டார்க்கும் அதே 420. விளம்பரக் காகிதத்தில் இரண்டும் சமம். ஓட்டினால் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

டர்போவில் அந்த 420 கிடைப்பது 1,900 முதல் 4,500 ஆர்பிஎம் வரை. 4 லிட்டரில் 5,000 முதல் 6,500 வரை. டார்க் என்பது முறுக்குவிசை. அதை ஆர்பிஎம்மால் பெருக்கினால்தான் சக்தி. 1,900-ல் 420 என்றால் அந்த நேரத்தில் இன்ஜின் தருவது சுமார் 114 பிஎஸ். 5,000-ல் அதே 420 என்றால் சுமார் 300 பிஎஸ். டர்போ கார் முதல் மிதியிலேயே முதுகை சீட்டோடு ஒட்டவைக்கும். பிறகு, மேலே போகப் போக, சொல்ல அதிகம் மிச்சமிருக்காது. டர்போ இல்லாத இன்ஜின் கீழே சாதுவாக இருந்து, 5,000 தாண்டியதும் வேறு ஆளாக மாறும். அந்த மாற்றத்துக்காக 7,800 வரை விரட்டத் தோன்றும். அங்கே போய்ச் சேர கியரைச் சரியாகப் பிடித்து வைத்திருக்க வேண்டும். மேனுவலும் இந்த வகை இன்ஜினும் ஜோடிப் பொருத்தம் என்று சொல்வது இதனால்தான். அடியிலேயே எல்லாம் கிடைக்கும் டர்போவுக்கு எந்த கியரில் இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆட்டோமேட்டிக் அதற்கு இயல்பாகவே ஒத்துப்போகிறது.

டர்போ ஏன் இப்படி என்பதையும் பார்த்துவிடுவோம். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம், எரிபொருள் அதிகம், சக்தி அதிகம். ஆனால் நீங்கள் மிதித்து, புகை கூடி, சக்கரம் வேகம் பிடித்து, காற்று வந்து சேர ஒரு கணம் ஆகும். 1970-களில் வந்த 911 டர்போவில் அந்தக் காத்திருப்பு பேர்போனது. வளைவின் நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்து, திடீரென்று எல்லாம் வந்து சேர்ந்து, காரைப் பின்பக்கமாகச் சுற்றிவிடும். இன்றைய டர்போக்களில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. முழுதாகப் போகவில்லை. கால் கட்டைவிரலை லேசாக அழுத்தினால் லேசாக, பலமாக அழுத்தினால் பலமாக என்று கால் சொன்னதை அப்படியே கேட்கும் அந்தத் துல்லியம் டர்போ இல்லாத இன்ஜினில்தான் கிடைக்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு "அப்படியென்றால் பழைய காரையே வைத்துக்கொள்கிறேன்" என்று எழுந்துவிட வேண்டாம். மறுபக்கமும் கனமாகத்தான் இருக்கிறது.

அந்த ஜிடிஎஸ் 4.0-ன் இரண்டாவது கியர் 130 கி.மீ. வேகத்தையும் தாண்டிப் போகும். அதாவது, அந்த இன்ஜின் உயிர்பெறும் இடத்தை இரண்டாவது கியரில் தொட்டு முடிக்கும்போது நீங்கள் நம் நெடுஞ்சாலை வேக வரம்பைக் கடந்திருப்பீர்கள். மலைப்பாதையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் நேர்ச்சாலை எவ்வளவு என்று ஏறியவர்களுக்குத் தெரியும். 40, 50-க்கு மேல் வேக முள் போகாத அந்த இடத்தில் 1,900-லேயே எழுந்து நிற்கும் டர்போதான் ராஜா. உயரமும் அதற்குச் சாதகம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய அதே அளவு சக்தியை இழக்கும். டர்போ, கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று, இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும்போது இரண்டு வகைக் காரையும் ஓட்டிப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் வெயில் டர்போவுக்குப் பகை. அழுத்திய காற்று சூடாகும். அதை இன்டர்கூலர் ஆற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மே மாதச் சென்னையில், ஊர்ந்து போகும் போக்குவரத்தில், இன்டர்கூலருக்கே காற்று கிடைக்காது. உள்ளே போகும் காற்று சூடானால் எரிபொருள் நேரம் கெட்டு வெடிக்கும் அபாயம் இருப்பதால் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளி சக்தியைக் குறைத்துவிடும். காலையில் இருந்த சுறுசுறுப்பு மத்தியானம் இல்லையே என்று சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்று எதை விற்கிறார்கள்?

இந்தச் சொல்லுக்குள் நாலைந்து விதமான பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. விற்பனையாளர் எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் அழைப்பார். கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய, நம்பகமான முறை. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. ஊர்ந்து போகும் போக்குவரத்தில் தேயக் கிளட்ச் தகடு அங்கே இல்லை. முன்பு மந்தமாக இருந்தது. இன்றைய 8 ஸ்பீடு பெட்டிகள் அந்தக் குறையைத் துடைத்துவிட்டன. டொயோட்டா ஜிஆர் சூப்ரா 2019-ல் வந்தபோது 3 லிட்டர் டர்போவோடு இந்த வகை 8 ஸ்பீடுதான் வந்தது. மேனுவல் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக 2022-ல் அதையும் சேர்த்தார்கள்.

டபுள் கிளட்ச்சில் ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது தயாராக இருக்கும். மாறுவது தெரியாது. பந்தயக் களத்தில் போர்ஷே 1980-களிலேயே சோதித்துப் பார்த்த முறை. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக சாலைக்கு வந்தது. இதிலும் இரண்டு ஜாதி. கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருப்பது ஒன்று; எண்ணெய் இல்லாமல் உலர்ந்திருப்பது இன்னொன்று. அதிக டார்க் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் முதல் ஜாதி. சிறிய டர்போ இன்ஜின்களில் உலர் கிளட்ச். சென்னையில் மத்திய கைலாஷிலிருந்து ஓஎம்ஆர் பக்கம் திரும்பி சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊர்ந்து பாருங்கள். அரை அடி நகர்ந்து, நின்று, மறுபடி அரை அடி. ஒவ்வொரு நகர்விலும் அந்த உலர் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்கிச் சூடாகிறது. ஃபோக்ஸ்வாகன் 2013-ல் சீனாவில் 3.8 லட்சம் கார்களை, டிஎஸ்ஜி என்ற தன் டபுள் கிளட்ச் பெட்டியின் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அதன்பின் பெட்டிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும், தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்பவர் அந்த நெரிசலுக்காகவே ஆட்டோமேட்டிக் வாங்கும்போது, நெரிசலுக்கு ஒத்துவராத வகையை எடுப்பதில் அர்த்தமில்லை. எடுத்தேதான் ஆக வேண்டும் என்றால் முன்னால் ஒரு கார் இடைவெளி விழும் வரை பிரேக்கில் நின்று, பிறகு நகரப் பழகுங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி காரைத் தொங்கவிடாதீர்கள்.

சிவிடி, ஏஎம்டி என்று இன்னும் இரண்டு வகை ஆட்டோமேட்டிக் பெட்டிகளும் இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கி வருபவர் அவற்றின் பக்கம் போகாமல் இருப்பது மனநிம்மதிக்கு நல்லது.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேனுவலில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டு இறங்கினால் இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டால் பல கார்கள் எரிபொருளை மிச்சம் பிடிக்க மேல் கியருக்குப் போய்விடும். எல்லாப் பாரமும் பிரேக் மேல். பாதி மலையில் பிரேக் கருகும் வாசனை வரும். ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் கியர் பேடிலையோ மேனுவல் மோடையோ பயன்படுத்தி இரண்டாவது கியரில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வாங்கப்போகும் காரில், கொடுத்த கியரிலேயே பெட்டி நிற்கிறதா, அல்லது கொஞ்ச நேரத்தில் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கூட வரும் செலவும் பழக்கமும்

டர்போ தண்டு சுழல்வது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். ஆகவே ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சொன்ன தரம், சொன்ன கெடு. மலை ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல் கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்து நிறுத்தினால் போதும். டர்போ இல்லாத மேனுவலிலிருந்து டர்போ மேனுவலுக்கு வருபவர்கள் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: ஐந்தாவது கியரில், 1,500 ஆர்பிஎம்மில், முழு மிதி. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் இது பிஸ்டனையே உடைக்கக்கூடிய முன்கூட்டிய வெடிப்பைக் கொண்டுவரலாம். இதைத் தடுப்பதற்கென்றே 2018-ல் ஏபிஐ அமைப்பு எஸ்என் பிளஸ் என்ற ஆயில் தரத்தைக் கொண்டுவந்தது. ஆட்டோமேட்டிக் பெட்டிகள் தாமாகவே கீழ் கியருக்கு இறங்கிவிடுவதால் இந்த ஆபத்து குறைவு.

பணக் கணக்கில் பலர் மறப்பது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம். 25 லட்ச ரூபாய் கார் என்றால் 5 லட்சம் ஆர்டிஓ அலுவலகத்துக்கு. அந்தப் பணம் திரும்பி வராது. பழைய கார் எவ்வளவு கிளட்ச் செட், சஸ்பென்ஷன் புஷ், டயர் கேட்டாலும், 5 லட்சத்துக்கு அதைப் பல வருஷம் ராஜா மாதிரி வைத்திருக்கலாம். கூடவே, மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் அரிதாகிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் 1980-ல் விற்ற புதிய கார்களில் மூன்றில் ஒன்று மேனுவல். இன்று நூறில் ஒன்றிரண்டு. ஃபெராரி மேனுவலை விட்டுவிட்டுப் பத்தாண்டுக்கும் மேலாகிறது. போர்ஷேவே 2013-ல் 911 ஜிடி3 காரை பிடிகேவில் மட்டும் தந்தது. 2016-ல் மேனுவலோடு 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தபோது விழுந்த அடிதடியைப் பார்த்து, அடுத்த வருஷமே ஜிடி3-ல் மேனுவலைத் திரும்பக் கொடுத்தது. விற்றுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு அதே விலையில் கிடைக்காது.

என் கருத்தைக் கேட்டால்: வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, மேனுவல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிறது என்றால், அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கார், தினமும் நகர நெரிசல், இடது முழங்கால் புகார் செய்கிறது என்றால் மாற்றுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். முழங்கால் பேச ஆரம்பித்தபின் மேனுவலின் மகிமையைப் பேசுவது வீராப்பு. சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். அவர்கள் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல், எது தமக்கு வேண்டியது என்று முதலில் கண்டுபிடிக்கலாம். அதற்கு போர்ஷே தேவையில்லை. ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் ஜிடி, ஹூண்டாய் வெர்னா டர்போ போன்றவை ஒரே டர்போ இன்ஜினோடு மேனுவலிலும் டபுள் கிளட்சிலும் வந்த கார்கள். ஒரே நாளில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் ஒன்றுதான் என்பதால் மீதி வித்தியாசம் முழுக்க கியர்பாக்ஸ். மேனுவல் டர்போவிலேயே "ஏதோ குறையுதே" என்று தோன்றினால் உங்கள் ஏக்கம் இன்ஜின் மேல். ஆட்டோமேட்டிக்கில் ஏறியபின்தான் தோன்றுகிறது என்றால் கிளட்ச் மேல்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் காலியான சாலையில் முடித்துவிடாதீர்கள். ஒரு மாலின் பார்க்கிங் சரிவில் ஊர்ந்து ஏறச் சொல்லுங்கள். அங்கே உதறினால் அது தினமும் உதறும். 40 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்து திடீரென முழுதாக மிதியுங்கள். மிதிப்பதற்கும் கார் பாய்வதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்று கவனியுங்கள். லாரியை ஓவர்டேக் செய்யும்போது எதிரில் பஸ் வரும் நேரத்தில் அந்த இடைவெளிதான் உங்களோடு இருக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே இடது பேடிலை இரண்டு முறை தட்டுங்கள். உடனே இறங்குகிறதா, யோசிக்கிறதா? ஏசி முழு வேகத்தில் ஓட, இன்ஜின் நன்றாகச் சூடானபின் இதையெல்லாம் செய்யுங்கள்.

மாற்றுவது என்றே முடிவானால், பழைய காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் அது பத்து வருஷப் பழைய, இரண்டு சீட், மேனுவல் கார், அவ்வளவுதான். சர்வீஸ் பில்களை வருஷவாரியாக அடுக்கி, கிளட்ச் எப்போது மாற்றியது என்ற ரசீதை மேலே வைத்து, அந்த மாடலைத் தேடி அலைகிற ஒருவருக்காக இரண்டு மூன்று மாதம் காத்திருங்கள். அவர் முதலில் கேட்பது கிலோமீட்டராக இருக்காது; கிளட்சைப் பற்றித்தான் கேட்பார்.